கொஞ்சாமல் இருந்த காலம்

என் மகள் அபியின் கன்னம் முதலில் சிவந்தபோது, பிள்ளைக்கு நல்ல நிறம் வருகிறது என்று லிங்கநகரில் எங்கள் அயலவர்கள் சந்தோஷப்பட்டார்கள். கைக்குழந்தையின் கன்னம் சிவந்தால் யார்தான் பயப்படுவார்கள்? நானும் சந்தோஷப்பட்டேன். கொஞ்ச நாளில் அந்தச் சிவப்பு செதில் விட்டது, பிறகு கசிந்தது. முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் புதிதாக வந்தது. பிள்ளை கன்னத்தைத் தலையணையில் உரசி உரசி அழுதாள்.

கிளினிக்கில் எக்சிமா என்றார்கள் (தோலின் மேற்படை பலவீனமாகி, வறண்டு, ஓயாமல் அரிக்கும் நோய்; ஊரில் கரப்பான் என்பார்கள்). ஸ்டீரோயிட் பூச்சு ஒன்றும் (அழற்சியைத் தணிப்பது), தோலில் ஈரத்தைக் காக்கும் களிம்பும் தந்தார்கள். பூசினால் அடங்கும். விட்டால் திரும்ப வரும்.

அயலில் வேறு வைத்தியம் நடந்தது. பால் கொடுக்கும் தாயின் கிரந்திச் சாப்பாடுதான் (சொறியையும் கரப்பானையும் கூட்டும் என்று ஊரில் நம்பும் உணவு) காரணம் என்று தீர்ப்பு வந்தது. கணவாயை விட்டேன், இறாலை விட்டேன், கத்தரிக்காயையும் விட்டேன். கடலுக்கு இத்தனை கிட்ட இருந்துகொண்டு சோறும் பருப்புமாக நான் மெலிந்ததுதான் மிச்சம். ஆளுக்கொரு எண்ணெய், ஆளுக்கொரு இலை என்று கொண்டுவந்தார்கள். எனக்குக் கோபம் சட்டென்று வரும். எண்ணெய்ப் போத்தலோடு வந்த ஒருவரை வாசற் படலையிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன்.

வந்தவர்கள் எல்லோரும் செய்த ஒன்றை மட்டும் நான் தடுக்கவில்லை. நாங்கள் பிள்ளையைக் கொஞ்சுவது உதட்டால் மட்டும் அல்லவே. கன்னத்தில் மூக்கை அழுத்தி, மூச்சை உள்ளே இழுத்தால்தான் கொஞ்சியதாகக் கணக்கு. நான் தபால் கந்தோரில் வேலை செய்கிறேன். வீட்டுக்கு வந்ததும் கைகால் கழுவி, உடுப்பு மாற்றி, அதன் பிறகே அபியைத் தூக்குவேன். தூக்கியதும் அவள் கன்னத்தில் மூக்கைப் புதைப்பேன். கவனமான தாய் என்று என்னைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது.

அபிக்கு இரண்டு வயது கழிந்த மாரி காலத்தில், கன்னத்துப் புண்களில் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டியது. காய்ச்சல் வந்தது. எந்நேரமும் சொறிந்து அழும் பிள்ளை ஒரு பின்னேரம் சொறியவும் இல்லை, அழவும் இல்லை. நான் கணவருக்குப் போன் எடுத்தேன். அவர் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குபவர். வேலை உடுப்போடேயே ஓட்டோ பிடித்து வந்தார்.

ஆஸ்பத்திரியில் குருதித் தொற்று என்றார்கள் (தோலில் இருந்த கிருமி இரத்தத்தில் கலப்பது). சேலைன் ஊசி குத்த நல்ல தோல் தேடித் தாதி அவளுடைய இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் காலில் குத்தினார்கள். எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள்.

"பிள்ளை தப்புமோ?" என்று கணவர் என்னைக் கேட்டார்.

"என்னட்டை ஏன் கேக்கிறியள்?" என்று சினந்தேன். பிறகு அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு, சுவரோரம் நின்று அழுதேன்.

அபி தப்பினாள். கிருமிகொல்லி மருந்து மெல்ல மெல்லப் பிடித்தது. காய்ச்சல் விட்ட பிறகு தோல் வைத்தியர் எங்களை இருத்திக் கதைத்தார். புண்ணிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்த நீரில் ஸ்டாபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பற்றீரியா இருந்ததாம் (கண்ணுக்குத் தெரியாத, குலைகுலையாக வாழும் கிருமி).

"நல்ல தோலிலை நன்மை செய்யிற கிருமிகளும் இருக்கு. அதுகள் இதைப் பெருக விடாது. எக்சிமாத் தோலிலை அந்தக் காவல் குறைவு. இது பெருகினா அரிப்புக் கூடும். சொறிஞ்சா தோல் கிழியும். கிழிஞ்ச இடத்தாலை இன்னும் உள்ளுக்குப் போகும்."

"இது எங்கையிருந்து வந்தது, டொக்டர்?"

"கனபேருக்கு இது மூக்குக்குள்ளை சும்மா இருக்கும். அவைக்கு ஒண்டும் செய்யாது. உங்கள் ரெண்டு பேரிலையும் எடுத்துப் பாப்பம்."

கணவரின் மூக்கில் இல்லை. என்னுடையதில் இருந்தது.

"உங்களிட்டையிருந்து பிள்ளைக்குப் போச்சோ, பிள்ளையிட்டையிருந்து உங்களுக்கு வந்ததோ எண்டு சொல்ல ஏலாது. உங்களையே குறை சொல்லிக்கொள்ளாதேங்கோ," என்றார் வைத்தியர். "ஆனா தோல் ஆறுமட்டும் முகத்தோடை முகம் வைச்சுக் கொஞ்ச வேண்டாம்."

"ஓம் டொக்டர்," என்றேன்.

இதே நோயுள்ள பிள்ளைகளின் தாய்மாருக்கு, எனக்குப் பிந்தித் தெரிந்தவற்றைச் சொல்கிறேன். களிம்புக்குள் விரலை விடாதீர்கள், கழுவிய கரண்டியால் எடுங்கள். பிள்ளையின் துவாயை வேறாக வையுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். வைத்தியர் தந்த பூச்சைப் பயந்து இடையில் நிறுத்தாதீர்கள். கிருமி ஒன்றுதான் காரணம் என்றும் நினைத்துவிடாதீர்கள். தோலின் பலவீனம் பிறப்போடு வருவது.

மூக்குக்குள் பூச எனக்கும் களிம்பு தந்தார்கள். பூசி முடித்துச் சோதித்தபோது கிருமி இல்லை. சில மாதங்களில் அபியின் மடிப்புகள் மறுபடி கசிந்தன. என் மூக்கிலும் மறுபடி இருந்தது. அது திரும்பி வருவது வழமைதான் என்றார் வைத்தியர். வழமை என்ற சொல்லை அன்றிலிருந்து எனக்குப் பிடிக்காது.

வீட்டுக்குள்ளும் முகக்கவசம் போட்டேன். அபி கன்னத்தை நீட்டுவாள், நான் தலையைத் தடவுவேன். போகப்போக என்னிடம் நீட்டுவதை விட்டுவிட்டாள். அப்பாவிடம் போவாள். நான் பார்க்கக்கூடாதென்று அவர் அவளை அடுத்த அறைக்குத் தூக்கிப்போய்க் கொஞ்சுவார். மூச்சை இழுக்கும் சத்தம் நான் சமைக்கும் குசினிவரை கேட்கும். எனக்கு எரியும். நல்ல மனிதர்மேல், அதுவும் என் பிள்ளையைக் கொஞ்சியதற்காக, அப்படிப் பொறாமைப்பட்டேன்.

முன்பு நாட்கள் ஒரு சம்பளத்திலிருந்து அடுத்த சம்பளம்வரை, ஒரு திருவிழாவிலிருந்து அடுத்த திருவிழாவரை போயின. இப்போது ஒரு கசிவிலிருந்து அடுத்த கசிவுவரை போகின்றன. என் உடம்பை நான் துப்புரவானது என்று நம்பியிருந்தேன். எனக்குத் தெரியாத எத்தனையோ உயிர்கள் அதில் குடியிருக்கின்றன என்ற நினைப்பு இப்போது சாப்பிடும்போதும் வருகிறது.

போன மாதம் வைத்தியர் அபியின் தோலைத் தொட்டுப் பார்த்தார். எங்கும் வெடிப்பில்லை. "இனிக் கொஞ்சலாம், அம்மா," என்றார்.

வீட்டுக்கு வந்து கவசத்தைக் கழற்றினேன். அபியின் கன்னத்தில் மூக்கை வைத்தேன்.

"வடிவாக் கொஞ்சுங்கோ, அம்மா," என்றாள்.

மறுபடி வைத்தேன். மூச்சு உள்ளே போகவில்லை.  அபி என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, தன் சின்ன மூக்கை என் கன்னத்தில் அழுத்தி, எப்படியென்று காட்டுவதற்காகச் சத்தமாக மூச்சை இழுத்தாள். அவள் இழுத்து முடிக்கும்வரை நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.