கண்ணாடிக்குழாயில் அசையாத தண்ணீர்

பர்மாவில், லைங் தாயா என்ற தொழிற்பேட்டையில், ஜீன்ஸ் துவைக்கும் ஆலை ஒன்றில், வெளியே தகரக் கூரைக்கடியில் விறகு பாய்லர் நிற்கிறது. அதன் தண்ணீரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நாலாம் வகுப்போடு நின்றவன் நான். பார்த்துப் பார்த்தே பழகினேன். ஆழ்குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். தொட்டியில் மருந்து கலந்தால் அந்தச் சுண்ணாம்பு பாய்லரில் ஒட்டிக்கொள்ளாமல் சேறாக அடியில் இறங்கும். தினமும் காலையில் வால்வைத் திறந்து அந்தச் சேற்றைத் தள்ளிவிட வேண்டும்.

வெளியேறும் குழாய் மதிலுக்குப் பின்னால் வாய்க்காலில் முடிகிறது. அங்கே பெண்கள் குளிப்பார்கள். கொதிநீர் பட்டால் தோல் உரிந்துவிடும். மதிலுக்கு மேலே எட்டிக் கத்த எனக்குக் கூச்சம். அதனால் ஸ்பானரால் குழாயை மூன்று முறை தட்டுவேன். அவர்கள் விலகுவார்கள். பொறுத்திருந்து திறப்பேன்.

ஒரு நாள் தட்டிவிட்டுக் காத்திருந்தபோது, குழாய்க்குள்ளிருந்து பதில் வந்தது. மூன்று தட்டு.

கை வால்வை விட்டு விலகியது. திறக்கவில்லை. மறுநாளும் அப்படியே. விறகு போடுகிற கூட்டாளியிடம் சொன்னேன்.

"அதுவும் உன்னை மாதிரிதான் போல. வாயத் தொறக்காம தட்டியே பேசுது. நல்ல சோடிப்பா!" என்று சிரித்தான்.

மூன்றாம் நாள் அவனே காதை வைத்துக் கேட்டான். சாயங்காலம் பாய்லர்த் தூணில் சிவப்புத் துணி சுற்றிய தேங்காய் ஒன்று தொங்கியது, இந்த ஊர்க் காவல் தெய்வமான நத் சாமிக்கு அவன் கட்டியது.

நான்காம் நாள் காலை, நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக்குழாயைப் பார்த்தேன். பாதியில் தண்ணீர் நின்றது. அடுப்பு எரியும்போது அது எப்போதும் லேசாக நடுங்கும். அன்று நடுங்கவில்லை. இறந்தவர் கண்ணைப் பார்ப்பதுபோல் இருந்தது. கண்ணாடியைக் கழுவும் தண்ணீரும் அதே குழாய் வழியாகத்தான் போகும் என்பதால், மூன்று நாளாக அதையும் நான் கழுவவில்லை. சேறு அடைத்திருந்தால் கண்ணாடி பொய் சொல்கிறது. உள்ளே தண்ணீர் இல்லாமல் எரிந்தால் பாய்லர் வெடிக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்பது பேர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கழுவிப் பார்த்தால்தான் தெரியும். மதிலைச் சுற்றி ஓடினேன். குழாய் வாயருகே, கன்னத்தில் அரைத்துப் பூசிய தனக்காப் பட்டைச்சாந்து இன்னும் காயாத ஒரு தமிழ்ப் பெண், கையில் கல்லோடு நின்றாள். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவள்.

"நீங்கதான் தட்டுறதா அண்ணே? ஆள் இருக்கு, பொறுங்கன்னு நானும் தட்டுறேன். மூணு நாளா நின்னு நின்னு போறேன். ஒரு சொட்டு வரல!"

"தள்ளிப் போங்க! எல்லாரும் தள்ளிப் போங்க!" என்று கத்தினேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

திரும்பி வந்து கண்ணாடியின் அடித்திருகைத் திறந்தேன். தண்ணீர் இறங்கியது, நீராவி சீறியது. மூடினேன். உடனே ஏற வேண்டிய தண்ணீர் ஏறவில்லை. வெறும் கண்ணாடி.

"விறகை இழு!" என்றேன். கூட்டாளி ஓடி வந்தான். எரிகிற கட்டைகளை இருவரும் வெளியே இழுத்துப் போட்டோம். உள்ளே இருப்பவர்களைக் கத்திக் கத்தி வெளியேற்றினேன்.

"யாரைக் கேட்டுய்யா நிப்பாட்டினே?" என்று மேஸ்திரி பாய்ந்து வந்தார்.

"மூணு நாளா நான் தெறக்கல. உள்ள தண்ணி இருக்கா இல்லையான்னு தெரியல."

அவர் வெறும் கண்ணாடியைப் பார்த்தார். பாய்லருக்குள் இரும்பு டிக், டிக் என்று சுருங்கிக்கொண்டிருந்தது. பிறகு அவர் பாய்லருக்கு முதுகைக் காட்டாமல், ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்தார். நாங்களும் நகர்ந்தோம்.