ஒட்டகச்சிவிங்கி மார்க் பட்டாசுப் பெட்டி

இந்த ஊரில் தெருவில் ஒற்றைக் கையுறை விழுந்து கிடந்தால் யாரும் அதை மிதித்துக்கொண்டு போவதில்லை. எடுத்து, தூசி தட்டி, பக்கத்து வேலிக் கம்பியின் நுனியில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். குளிர்காலத்தில் நடந்து போனால் வேலிக்கு வேலி யாரோ கையைத் தூக்கி நம்மைக் கூப்பிடுவது போலிருக்கும். ஜெர்மனிக்கு வந்த புதிதில் எனக்கு இது பெரிய வேடிக்கை. யாருடையது என்று ஒரு ஆளைக்கூடவா விசாரிக்க மாட்டார்கள்? எங்கள் விருதுநகரில் ஒரு கம்மல் திருகாணி கீழே கிடந்தால் போதும். கண்டெடுத்தவர் தெருவில் அத்தனை வாசலிலும் நின்று கேட்டு, எந்த வீட்டில் என்ன குழம்பு என்பதையும் தெரிந்துகொண்டுதான் வீடு போய்ச் சேருவார். இங்கே பொருள் அது பாட்டுக்குக் காத்திருக்கும், உரியவர் என்றைக்காவது அந்த வழியாக வருவார் என்ற நம்பிக்கையில்.

அப்படிக் காத்திருக்கிற பொருள்களோடுதான் என் பிழைப்பு. இங்குள்ள விமான நிலையத்தில், பயணிகள் தொலைத்ததையெல்லாம் சேர்த்து வைத்து உரியவரைத் தேடிக் கொடுக்கும் ஃபுண்ட்பியூரோவில் வேலை பார்க்கிறேன். பல்செட்டு, ஊன்றுகோல், கல்யாண மோதிரம், ஒரு தடவை முழு வயலின். எப்படித்தான் விட்டுவிட்டுப் போகிறார்களோ! இந்த ஊர்க்காரர்கள் வந்து கேட்டால் நீளம், அகலம், நிறம், வாங்கிய கடை என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பிப்பார்கள். நம் ஆட்கள் வந்தால் கதையே வேறு. “எங்க மாமியார் துபாய்ல இருந்து வரும்போது, நான் வேண்டாம்னு சொல்லியும் கேக்காம வாங்கிட்டு வந்த பைங்க” என்று ஒரு அம்மா சொன்னதை நான் வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். என் மேலதிகாரி ஹெல்கா பேனாவைக் கையில் பிடித்தபடி, “சரி, இதில் பையைப் பற்றி எந்த இடத்தில் சொன்னார்?” என்று கேட்டார்.

போன வசந்தத்தில் ஒரு நாள் காலை, நான் டீ எடுத்துக்கொண்டு திரும்பும்போது ஹெல்கா நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. “ஜெரினா, உள்ளே போகாதே” என்றார். பெல்ட்டில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு சூட்கேஸ் சில நாளாக எங்களிடம் கிடந்தது. ஒட்டியிருந்த சீட்டு கிழிந்து போயிருந்தது, யாரும் தேடியும் வரவில்லை. உள்ளே பெயரோ முகவரியோ இருக்கிறதா என்று பார்க்க ஹெல்கா அதைத் திறந்திருக்கிறார். இரண்டு நூல் சேலை, ஒரு சாத்தூர் சேவுப் பொட்டலம், அதற்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி. பெட்டி மேலே ஒரு ஒட்டகச்சிவிங்கி, வாயில் ராக்கெட்டைக் கவ்விக்கொண்டு, சுற்றிலும் தீப்பொறி பறக்க, பல்லைக் காட்டிச் சிரிக்கிறது. புஸ்வாணப் பெட்டி! கண்ணாடிக் கதவு வழியாக அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அடுத்த அறை ஆட்களெல்லாம் வெளியே ஓடிக்கொண்டிருக்கிறார்கள், நான் மட்டும் டீயும் கையுமாக, சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இளித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, விருதுநகரில் மிளகாய் வத்தல் வியாபாரம். வீட்டில் எல்லாரும் தும்மிக்கொண்டே வளர்ந்தவர்கள். அக்கா மும்தாஜை சிவகாசியில் அட்டைப்பெட்டித் தொழில் செய்கிற மச்சானுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அதற்கப்புறம் எங்கள் வீட்டிலும் பட்டாசுப் பெட்டி பெருகிவிட்டது. சீசனில் பட்டாசு லோடு லோடாக நாடெங்கும் போய்விடும், பெட்டிதான் எங்களுக்கு மிஞ்சும். அணுகுண்டுப் பெட்டியில் கிராம்பு, ஏலக்காய். சரவெடிப் பெட்டியில் ரேஷன் கார்டு. ராக்கெட் பெட்டியில் அம்மா ஓதி உருட்டுகிற தஸ்பீஹ் மணி. எங்கள் பக்கத்து வீடுகளில் பட்டாசுப் பெட்டிக்குள் எது வேண்டுமானாலும் இருக்கும், பட்டாசு மட்டும் இருக்காது.

இதை ஹெல்காவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு! “உள்ளே வெடி இருக்காது” என்றேன். “பெட்டியில் வெடி என்று போட்டிருக்கிறதே?” “அதனால்தான் சொல்கிறேன், இருக்காது.” எனக்குக் காய்ச்சலா என்று பார்ப்பது போல ஹெல்கா என்னைப் பார்த்தார். விமானத்தில் ஏற்றும்போதே சோதித்துத்தான் அனுப்பியிருப்பார்கள் என்றேன். அது தனக்கும் தெரியும், ஆனாலும் விதி விதிதான் என்றார். இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஒருவர் இளைஞர், செம்பட்டை மீசை. எக்ஸ்ரே கருவியில் பார்த்தால் பெட்டிக்குள் வட்டம் வட்டமாக உலோகக் கம்பி, ஒன்றுக்குள் ஒன்று. அவர்கள் முகம் இறுகிவிட்டது. வெட்டவெளித் திடலுக்குக் கொண்டுபோய், தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பெட்டியைத் தூளாக்கிவிடுவார்களாம். “வளையல் சார், அது வளையல்!” என்று கத்தினேன். “வளையலை ஏன் வெடிப் பெட்டியில் வைக்க வேண்டும்?” என்று மீசைக்காரர் பொறுமையாகக் கேட்டார். “வீட்டில் இருக்கிற பெட்டி அதுதானே!” அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் நல்ல மனுஷர். பெட்டியைத் திடலுக்கு ஏற்றிப்போகும் வண்டி வருகிற வரைக்கும் அவகாசம் கொடுத்தார்.

அக்காவுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம்.

“ஏண்டி, வேலை நேரத்துல கூப்பிடுறே, உடம்புக்கு என்ன?”

“அக்கா, ஒண்ணும் கேக்காத. அடுப்படில இருக்கிற பட்டாசுப் பெட்டி அம்புட்டையும் தொறந்து காட்டு. போலீஸ் பாக்கணும்.”

“போலீஸா! ஆத்தாடி, நாங்க என்ன பண்ணுனோம்?”

முதல் வேலையாக முக்காட்டைச் சரிசெய்தாள். அப்புறம் ஒவ்வொன்றாகத் திறந்தாள். அணுகுண்டில் புளி. சாட்டையில் கரண்டு பில். தரைச்சக்கரத்தில் அத்தனை சட்டைகளின் உதிர்ந்த பட்டன்களும். கடைசியாகப் பரண் மேலிருந்து பத்தாயிரம் வாலா பெட்டி ஒன்றை இறக்கினாள். இவ்வளவு பெரிய பெட்டியா என்று போலீஸ்காரர்கள் இரண்டு பேரும் போனுக்குள் தலையை விட்டார்கள். அதில் மச்சானின் கிழிந்த பனியன்கள்! “தொடைக்கிறதுக்குப் போட்டு வச்சிருக்கேன்னு சொல்லுடி” என்று அக்கா பதறினாள். மீசைக்காரர் சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்றுவிட்டது.

சிரித்தாலும் சட்டத்தை விட மாட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று உரியவர் வாயால் சொன்னால்தான் கையால் திறப்போம், இல்லையென்றால் திடல்தான் என்றார்கள். அப்போதுதான் அக்காவின் தோளுக்குப் பின்னாலிருந்து மச்சான் எட்டிப் பார்த்தார். “ஜெரினா, அந்தப் பெட்டி போட்டோவக் கிட்டக் காட்டு பாப்போம்.” காட்டினேன். “அட, இது கடைக்குப் போன பெட்டி இல்லம்மா. ஒட்டகச்சிவிங்கிக்குப் புள்ளியெல்லாம் கழுத்த விட்டு வெளிய நிக்குது பாரு. கலர் ஒதுங்கிப்போன ஷீட்டு. இதையெல்லாம் கழிச்சுருவாக. அச்சாபீஸ்ல வேலை பாக்குறவுக வீட்டுக்குக் கொண்டுபோயி பெட்டியா மடிச்சுக்கிடுவாக.” அந்த மார்க்கை அச்சடிப்பது ஒரே ஒரு அச்சகம், மச்சான் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. இணைப்பைத் துண்டிக்காமலே போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார். நானும் ஹெல்காவும் இரண்டு ஜெர்மன் போலீஸ்காரர்களும் மச்சான் சட்டைப் பையில் உட்கார்ந்து சிவகாசித் தெருவில் போனோம். கொஞ்சம் வானம், நிறைய ஹாரன், “மதியத்துல எங்க கிளம்பிட்டீக?” என்று யாரோ கேட்கிற குரல். ஹெல்கா தன்னையறியாமல் மேசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அச்சகத்து வாசலில் நின்று மச்சான் சத்தம் போட்டார்: “ஏலே, இங்கன யாரு வீட்ல ஜெர்மனிக்குப் போயிருக்காக?” மெஷினுக்குப் பின்னாலிருந்து மை படிந்த கையோடு ஒருவர் வந்தார். “எங்க அம்மாதான்ணே. தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காக.” அம்மா பெயர் பாண்டியம்மாள். தங்கை சுகன்யா, வீட்டில் கேட்காமல் தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். மூன்று வருஷமாகத் தாயும் மகளும் பேசவில்லை. இப்போது பேத்தி பிறந்த சேதி கேட்டு மனசு தாளாமல் அம்மாவே கிளம்பி வந்திருக்கிறார். “பெட்டி தொலைஞ்சதா? எங்ககிட்ட மூச்சு விடலையே!” என்று அந்தத் தம்பி திகைத்துப்போனார்.

சுகன்யாவின் எண்ணை வாங்கிக் கூப்பிட்டு, அம்மாவிடம் பேச வேண்டும் என்றேன். தமிழ்ப் பேச்சைக் கேட்டதும் பாண்டியம்மாள் மகளுக்குக் கேட்காதபடி தள்ளிப் போய்க் கிசுகிசுத்தார். “நகைன்னு சொல்லாமக் கொண்டாந்துட்டேன்மா. பெட்டி வரலன்னதும், கவர்மெண்டுல பிடிச்சுட்டாகன்னு நெனச்சேன். கேட்டா மகளுக்கும் மருமகனுக்கும் கெட்ட பேராயிருமேன்னு பேசாம வந்துட்டேன்.” மகளிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். “கைப்பையில மாத்துச்சேலை இருந்துச்சு, வேற ஒண்ணும் கொண்டு வரலன்னு சொல்லிட்டேன். கோவம் தீராமத்தான் வெறுங்கையோட வந்து நிக்கேன்னு நெனைக்கா. முகங்குடுத்துப் பேச மாட்டேங்கா. பிள்ளையக்கூட நானாத்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கு.” மூன்று வருஷத்துக் கோபம் தீர்ந்ததற்கு அத்தாட்சி அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, வெளியே வண்டி வந்து நிற்கிறது.

“அம்மா, பயப்படாதீக. உள்ள என்ன இருக்குன்னு மட்டும் சொல்லுங்க.”

“என் கல்யாண வளவி ரெண்டு. சுகன்யா கைப்பிள்ளையில போட்ட தங்கக் காப்பு, பேத்திக்குன்னு எடுத்தாந்தேன். அத ஒரு பக்கம் அவ கடிச்சு நசுக்கி வச்சிருப்பா. அப்புறம் கொஞ்சம் கண்ணாடி வளவி. எல்லாம் மஞ்சத்துணில சுத்தி இருக்கும்.”

மொழிபெயர்த்தேன். நீளமும் அகலமும் இல்லாத அந்த அடையாளத்தை ஹெல்கா ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் எழுதிக்கொண்டார். மீசைக்காரர் கையுறை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியைத் தூக்கினார். மஞ்சள் துணி. அதற்குள் வளையல். அதற்கும் உள்ளே பொடிசாக ஒரு காப்பு, ஒரு பக்கம் நசுங்கி. ஹெல்கா அதை வாங்கி அந்தப் பல் தடத்தை விரலால் தடவிப் பார்த்தார். மூக்கு நுனி சிவந்துவிட்டது. யார் முதலில் கை தட்டினார்களோ தெரியாது, போனுக்குள்ளிருந்து அச்சகம் முழுக்கக் கை தட்டுகிற சத்தம் கேட்டது.

சுங்கத்துக்கான தாள்களை முடித்து, மறுநாள் வரச் சொன்னோம். சுகன்யா குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஏதோ பழைய சேலைப் பெட்டி என்று நினைத்திருப்பாள் போல, முகம் உம்மென்று இருந்தது. நான் ஒட்டகச்சிவிங்கியைக் கவுண்டர் மேல் வைத்து மூடியைத் திறந்தேன். காப்பைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

“ஒண்ணும் கொண்டு வரலன்னியேம்மா?”

“காணாமப் போனத, கொண்டு வந்தேன்னு எப்படிடி சொல்ல?”

சுகன்யா சிரித்தாள், சிரித்த வாயோடு அழுதாள், அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நகரவே இல்லை. பின்னால் வரிசையில் நின்ற குடை தொலைத்தவரும் கண்ணாடி தொலைத்தவரும் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. “அழாதடி, பிள்ள பயந்துரும்” என்று அதட்டிக்கொண்டே பாண்டியம்மாளும் அழுதார். அந்தப் பிள்ளையோ கையில் ஏறிய காப்பை வாய்க்குக் கொண்டுபோய், இன்னொரு பக்கத்தைக் கடிக்க ஆரம்பித்துவிட்டது. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்துக்கு, சம்பளம் இல்லையென்று சொல்லியிருந்தால்கூடச் சரியென்றிருப்பேன்.

புறப்படும்போது பாண்டியம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். “நீ யாரு வீட்டுப் பிள்ளம்மா?” இந்த நாட்டுக்கு வந்து இத்தனை காலத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை. எந்த நாடு, எந்த விசா, எத்தனை வருஷம் என்றுதான் கேட்பார்கள். “விருதுநகர் வத்தல் கடை பாய் வீட்டுக் கடைசிப் பொண்ணு” என்றேன். “நம்ம பிள்ள! அதான பாத்தேன்” என்று கவுண்டருக்கு மேலே கையை நீட்டி என் இடது கையைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. “என்னம்மா, கை மொட்டையா கெடக்கு? வெறுங்கையோட இருக்கிறது எம்புட்டுக் கஷ்டம்னு இந்த ஒரு வாரமா நானே பாத்துட்டேன்.” மஞ்சள் துணியைப் பிரித்து, கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக எனக்கு ஏற்றினார். வழியில் உடைந்ததுபோக ஒரு கைக்குத்தான் இருந்தது. இதைப் பதிவு செய்ய வேண்டுமா என்று கேட்பது போல ஹெல்காவைப் பார்த்தேன். அவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி, வானத்தை ஆராய ஆரம்பித்துவிட்டார்.

இப்போது தினமும் காலையில், வலது கையில் உள்ள அட்டையைக் காட்டினால் அலுவலகக் கதவு சத்தமில்லாமல் திறக்கிறது. இடது கை, நான் யார் வீட்டுப் பிள்ளை என்று நடைபாதை முழுக்கச் சொல்லிக்கொண்டே உள்ளே வருகிறது.