படுத்தே கிடந்த சிப்பாய்

பெரியப்பாவின் சிப்பாய் முதல் குண்டைக் கண்டதுமே தரையில் படுத்துவிடுவான். எங்களால் சிரிப்பை அடக்க முடியாது. சட்டை போடாத இரண்டு சிப்பாய்கள் காட்டுக்குள் ஓடிக்கொண்டே எதிரிகளைச் சுட்டுத் தள்ளும் ஆட்டம் அது. டிவியில் கேசட்டைச் செருகி இரண்டு பேர் சேர்ந்து ஆடுவோம். தெருவில் இருந்த பொடிசுகள்கூட முதல் கட்டத்தை அசால்ட்டாகத் தாண்டும். நிஜ ராணுவத்தில் நிஜத் துப்பாக்கி பிடித்த பெரியப்பா மட்டும் ஒரு நிமிஷம் தாங்கமாட்டார். வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் ராஜபாளையம் வருவார். வந்த மறுநாளே அவருடைய ஒரே மகன், எனக்குத் தம்பி முறை, அவர் கையில் ரிமோட்டைத் திணித்துவிடுவான். ஒருவர் பின்தங்கினால் மற்றவருக்கும் திரை நகராது. தம்பி ஓரத்தில் போய் நின்றுகொண்டு, ஓடி வாங்கப்பா என்று கெஞ்சுவான். பெரியப்பா அசையமாட்டார்.

"ஏலே, அவன் சுடும்போது எவன்லே ஓடுவான்? நீயும் படு."

இப்படிச் சொன்ன மனிதர்தான் ஓய்வு பெற்று வந்ததும் மகனை ஓடு ஓடு என்று விரட்டினார். எங்கள் பக்கத்தில் ராணுவமோ போலீஸோ இல்லாத வீடு குறைவு. கான்சாபுரத்தில் எங்களுக்கு இருந்த நிலம் இனி யாருக்கும் சோறு போடாது என்பது பெரியப்பாவின் முடிவு. தம்பியை விடியற்காலையில் எழுப்பி மைதானத்துக்குக் கூட்டிப்போவார், கையில் ஸ்டாப் வாட்ச் இருக்கும். தம்பிக்கு ஓட்டம் வரவில்லை. வராததை என்ன செய்ய முடியும்? ராணுவ ஆள் எடுப்பில் இரண்டு தடவை ஓட்டத்திலேயே கழித்துக் கட்டிவிட்டார்கள். மூன்றாவது தடவை பாதியில் உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு அத்தனை பையன்கள் முன்னாலும் பெரியப்பா அவனைக் கன்னத்தில் அறைந்தார். சாயந்திரம் ஒரு பையை எடுத்துக்கொண்டு போனவன்தான். மூன்று வருஷம் ஆகிறது.

என்னிடம் மட்டும் பேசினான். எந்த ஊர், என்ன வேலை என்று கேட்கக் கூடாது. "அவர்ட்ட என் நம்பர் போச்சுன்னா, அக்கா, பொறவு உங்கிட்டயும் பேசமாட்டேன்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டான். பெரியம்மா கேட்டு அழுதபோதுகூட நல்லா இருக்கான் என்பதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் பெரியப்பா மேல் கோபம் இருந்தது. இல்லை என்றால் அது பொய்.

போன வருஷம் ஒருநாள் தம்பி ஒரு லிங்க் அனுப்பினான். எங்கள் பழைய ஆட்டம் போனில் புதிதாக வந்திருந்தது. அதே காடு, அதே இரண்டு சிப்பாய்கள், ஆனால் வண்ணமும் வெளிச்சமும் கல்யாண வீடு போல. பட்டனுக்குப் பதில் போன் திரையைத் தடவ வேண்டும். ஒரு ஊரில் ஒருவரும் வேறு ஊரில் ஒருவரும் இருந்து சேர்ந்தே ஆடலாம். யார் ஆட்டத்துக்கு வந்திருக்கிறார்களோ அவர்கள் பெயருக்கு அருகில் பச்சைப் புள்ளி தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டில் இருந்தபடி நானும், எங்கேயோ இருந்தபடி அவனும், ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஆடத் தொடங்கினோம். போனில் பேசினால் இரண்டு நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துவிடும். ஆட்டத்தில் ஒரு மணி நேரம் கூடவே இருப்பான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் கவனிக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் நின்று செத்த நேரம் பார்த்திருக்கிறார். கூட ஆடுகிறது யார் என்று கேட்டார். நான் அவசரமாகப் போனைக் கவிழ்த்து வைத்ததே பதிலாகிவிட்டது. நம்பர் கேட்பார், சண்டை போடுவார் என்று பயந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நம்பர் வேண்டாம் தாயி. அவன்கூட ஒரு ஆட்டம் ஆடணும். நான்னு சொல்லாத."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எத்தனை தடவை யோசித்தும் அந்த இடத்தில் அந்த வார்த்தை என் வாயில் வரமாட்டேன் என்கிறது. அவருடைய போனில் ஆட்டத்தை ஏற்றி, விருதுநகர் சிங்கம் என்று ஒரு பெயரும் வைத்துக் கொடுத்தேன். நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த வாத்தியார், ஆட்டப் பைத்தியம், சேர்த்துக்கொள் என்று தம்பியிடம் புளுகினேன். அவன் நம்பினான். நான் சொன்னால் எதையும் நம்புவான்.

ஒன்றே ஒன்றுதான் பெரியப்பாவிடம் கண்டித்துச் சொன்னேன். என்ன ஆனாலும் படுக்கக் கூடாது. படுத்தால் அவனுக்குத் தெரிந்துவிடும். அவர் வாரம் முழுக்கப் பயிற்சி எடுத்தார். விரல் ஒரு பக்கம், சிப்பாய் ஒரு பக்கம் போனாலும் விடவில்லை. முதல் ஞாயிறு ஆட்டத்தில் ஓடி ஓடியே செத்தார். தம்பி கட்டை விரல் படம் ஒன்று அனுப்பினான். அதைப் பெரியம்மாவிடம் காட்ட முடியவில்லையே என்று அவருக்குத் தவிப்பு. "எம்புட்டு வேகம் பாத்தியா, எனக்கு முன்னால ஓடி வழி விடுதான்" என்று என்னிடமே நாலு தடவை சொன்னார். இரண்டாவது ஞாயிறு இரண்டு பேரும் முதல் கட்டத்தைத் தாண்டினார்கள். அன்றைக்கு என் வீட்டில் அவர் சாப்பிட்டதைப் பார்த்தால், பல நாள் பட்டினி கிடந்தவர் போல இருந்தது. என் கோபமும் அன்றோடு போய்விட்டது. இப்படியே ஓடட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

மூன்றாவது ஞாயிறு பாலத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் சுட ஆரம்பித்துவிட்டார்கள். தம்பிக்கு மிச்சம் ஒரே ஒரு உயிர். பெரியப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் மறந்துவிட்டது. அவருடைய சிப்பாய் பொத்தென்று படுத்தான், படுத்தபடியே கிடந்தான். ஓடுங்க பெரியப்பா என்று நான் அவர் தோளைத் தட்டினேன். அவர் திரையைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார், படுலே, படுலே என்று. முன்னால் போயிருந்த தம்பியின் சிப்பாய் ஓரத்தில் நின்றான். திரும்பினான். குண்டுகளுக்கு நடுவில் மெதுவாக நடந்து வந்தான். பெரியப்பாவின் சிப்பாய்க்குப் பக்கத்தில் வந்து அவனும் படுத்தான்.

அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. பெரியப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சொன்னபடி படுத்துவிட்டான், கெட்டிக்காரன் என்று சந்தோஷப்பட்டார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள். குண்டுகள் மேலே போய்க்கொண்டே இருந்தன. எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு தம்பியின் சிப்பாய் திரையில் இல்லை. பச்சைப் புள்ளியும் அணைந்துவிட்டது.

என் போனில் செய்தி வந்தது. "அக்கா, அது அப்பாதான?"

பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து நெட் போயிருச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தார். இல்லை என்று எழுதினேன், அழித்தேன். மூன்று வாரமாகச் சரளமாக வந்த பொய் அன்றைக்கு வரவில்லை. கடைசியில் ஆமா என்று அனுப்பினேன். அவன் பார்த்துவிட்டான் என்று தெரிந்தது. மறுநாள் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. ஆட்டத்தில் அவன் பெயரையே காணோம்.

அவன் வந்து பக்கத்தில் படுத்தது அப்பாவை மன்னித்தா, இல்லை, போய் வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளவா? கேட்க ஆள் இல்லை. பெரியப்பாவிடம், தம்பி சிக்னல் இல்லாத ஊருக்கு வேலையாகப் போயிருக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர் ஞாயிறு தவறாமல் வருகிறார். தம்பியின் இடத்தில் போனே ஒரு சிப்பாயை ஓட்டுகிறது. அவனோடு ஆடுகிறார். போன வாரம் பாலத்தையும் தாண்டிவிட்டார். முடித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இப்ப நான் படுக்கதே இல்ல தாயி. பேசுனான்னா அவன்ட்ட சொல்லு."

சொல்றேன் பெரியப்பா என்றேன்.