நடுவானில் எண்ணெய் கேட்டவர்

எங்கள் பயிற்சி அதிகாரி, அந்த ஆள், என்னைக் கட்டுமரம் ஓட்டப் போகச் சொன்னதை நான் சாகும்வரை மறக்கப் போவதில்லை. தனியாகவா சொன்னார்? எங்கள் விமானப்படை ஸ்குவாட்ரனே உட்கார்ந்திருந்த அறையில், வானில் நான் எண்ணெய் வாங்கத் திணறிய வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டிச் சொன்னார்.

"இவரு அப்பா தூத்துக்குடியில படகுக்காரராம். ஏன் தம்பி, நீயும் போய் கட்டுமரமே ஓட்டேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். இருடா மகனே, உனக்கும் ஒரு நாள் வரும் என்று அன்றைக்கே கறுவிக்கொண்டேன்.

போர் விமானத்துக்கு நடுவானில் எண்ணெய் வாங்குவது இப்படித்தான். முன்னால் போகும் விமானம் நீளமாக ஒரு குழாயை விடும். நுனியில் கூடை மாதிரி ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். நம் விமானத்தின் மூக்கருகே நீட்டியிருக்கும் கம்பியை அதற்குள் செருக வேண்டும். கூடையைப் பார்த்தால் கை அதன் பின்னால் போகும், கை போகிற பக்கம் விமானமும் போகும். நம் மூக்கு தள்ளும் காற்றிலேயே கூடை விலகிவிடும். கூடையைத் துரத்தாதே என்றுதான் பாடத்தில் இருக்கிறது. கண் கேட்டால்தானே! நான் ஐந்து தடவை தவறவிட்டேன்.

அந்த எரிச்சலோடு லீவில் ஊருக்கு வந்து அப்பாவின் படகில் ஏறினேன். கடலில் டீசல் தீர்ந்துகொண்டு வந்தது. பக்கத்தில் வேம்பார் ஊர்ப் படகு ஒன்று. அதன் சொந்தக்காரருக்கும் அப்பாவுக்கும் வலைத் தகராறு, இரண்டு வருடமாகப் பேச்சே இல்லை. ஆனால் கடலில் எண்ணெய் கேட்டால் எங்கள் பக்கம் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. அவர் குழாயை நீட்டினார். அப்பா படகை ஒட்டிக் கொண்டுபோனார். கண் வேம்பார்க்காரர் முகத்தில்.

"என்ன வே, மவளுக்கு வரன் அமைஞ்சிட்டா?"

"தை மாசம் வச்சிருக்கு வே."

இப்படியே மாடு, மருமகன், வீட்டுக் கூரை என்று பேச்சு போனது. குழாயை எங்கள் ஆள் பிடித்துச் செருகினான். அப்பா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"குழாயைப் பாத்தா கை ஆடும்லே. மூஞ்சியப் பாத்துப் பேச்சுக் குடுத்தா படகு தானா நிக்கும்" என்றார் பிறகு. எண்ணெய் கொடுப்பவன் எதிரியானாலும் பதில் சொல்லியாக வேண்டும். அதுதான் வழக்கம். அன்று சாயங்காலம் கரையில் இரண்டு பேரும் மறுபடி கட்டிப் புரளாத குறை.

அடுத்த பயிற்சியில், முன்னால் போன விமானத்தின் மேல் கண்ணை வைத்து, என் பின்சீட்டுக்காரரிடம் அவர் வீட்டுக் கதையைக் கேட்டுக்கொண்டே போனேன். முதல் முயற்சியிலேயே செருகிவிட்டது. "குருட்டு அதிர்ஷ்டம்" என்றார் அந்த ஆள்.

பிறகு அவர் சில வருடம் ஆபீஸ் வேலைக்குப் போனார். பழக்கம் விட்டுப்போய்த் திரும்பி வந்தபோது எண்ணெய் கொடுக்கும் விமானத்தில் நான். மன்னார் வளைகுடாவுக்கு மேலே காற்று குலுக்கியது. கண்ணாடியில் பார்த்தேன். அவர் கூடையைத் துரத்தினார். ஒன்று. இரண்டு. மூன்று. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. கருப்பட்டி மிட்டாய் தின்ற மாதிரி இனித்தது. எண்ணெய் குறைந்ததும் அவரைத் தூத்துக்குடி விமான நிலையத்தில் இறங்கச் சொன்னார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, ஓடுதளம் பக்கத்தில்தான். நான் கொலைகாரன் இல்லை. போ ராசா, கட்டுமரக்காரன் ஊரிலேயே போய் இறங்கு!

மறுநாள் அம்மா போன் செய்தாள். விமான நிலையத்தில் டாக்ஸி ஓட்டும் மாமா சொல்லி, என்னோடு பறக்கிற ஆபீசர் என்று, சீலா மீன் குழம்பைக் கட்டி அப்பாவிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். "உங்க சார் நல்ல மனுசன்லே. அப்பாகூட ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தாராம்." கட்டுமரக் கதையை நான் வீட்டில் சொன்னதே இல்லை.

அடுத்த வாரம் மறுபடி அதே வானம். எனக்குப் பின்னால் அவர். ரேடியோவில் குரல் வந்தது.

"தம்பி, அப்பாவுக்கு முதுகுவலி தேவலையா?"

எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கொடுப்பவன் பதில் சொல்லியாக வேண்டும்.

"தைலம் தேய்க்கிறாங்க சார்."

"அம்மா?"

"நல்லா இருக்காங்க சார்."

"குழம்பு பிரமாதம்னு சொல்லு."

செருகிவிட்டார். முதல் முயற்சியிலேயே, பாவி. நிதானமாக வயிறு முட்டக் குடித்துவிட்டுத்தான் விலகினார். அவரை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார்.

"ஏலே, நான் சொன்ன மாதிரி சார் எண்ணெய் வாங்கிட்டாரா?"

"வாங்கிட்டாருப்பா."

"அன்னைக்கே நீ ஏம்லே சொல்லிக் குடுக்கல?"

சிக்னல் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன்.