ஓட்டுமேல் எறிந்த முன்பல்

பல் மருத்துவமனை வராந்தாவில் என் மகள் வாயில் துண்டை அழுத்தியபடி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய முன்பல் கைக்குட்டையில் சுற்றி என் சட்டைப்பையில் இருந்தது.

தாரணிக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி இடைவேளையில் ஓடியவள் குழாயடிச் சிமெண்ட் விளிம்பில் மோதி விழுந்துவிட்டாள். சாலைக் கடைத்தெருவில் நான் வேலை பார்க்கும் இரும்புக்கடைக்கு ஃபோன் வந்தது. நான் போனபோது வாயைக் கழுவி, சட்டையைக்கூட மாற்றிவிட்டிருந்தார்கள். பல்லை மட்டும் காணோம்.

"அதை ஓட்டுமேல எறிஞ்சாச்சு அண்ணாச்சி," என்றார் மதிய உணவு சமைக்கும் அக்கா. "பால்பல்லு அல்லே? எறிஞ்சாத்தான் நல்ல பல்லு வரும்."

"பால்பல்லு ரெண்டாங்கிளாஸ்லயே விழுந்தாச்சு. இது முளைச்ச பல்லு!"

டீச்சர் மலையாளத்தில் என்னைச் சமாதானப்படுத்தினார். "சாரமில்லை (பரவாயில்லை). கொச்சுக் குட்டியல்லே (சின்னப் பிள்ளைதானே), இனியும் வரும்."

வராது. நிலைப்பல் (பால்பல் விழுந்தபின் முளைப்பது) ஒரு தடவைதான் முளைக்கும். கடைக்கு வருகிறவர்களிடமே அதிகம் பேசாதவன் நான். அன்று ஏணி கேட்டுக் கத்தி, கூரைமேல் ஏறினேன். பிள்ளைகளெல்லாம் வேடிக்கை பார்க்க, "அப்பா, வேண்டாம்ப்பா, எறங்குங்க," என்று தாரணி துண்டுக்குள்ளிருந்து கெஞ்சினாள். அவளுக்கு வெட்கம். ஓட்டிடுக்கில் பல் வெயிலில் காய்ந்து கிடந்தது.

டாக்டரம்மா அதைப் பார்த்ததும் முகம் மாறினார். "இதைப் பால்ல போட்டுக் கொண்டு வரலையா?"

வேரைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு உண்டாம் (பல்லை எலும்போடு பிணைப்பது). காய்ந்தால் அது செத்துவிடும். பாலில் போட்டால் கொஞ்ச நேரம் தாங்கும்.

அன்று பள்ளியில் பால் கொடுக்கும் நாள். சமையலறையில் அண்டா நிறையப் பால் காய்ச்சி ஆறவைத்திருந்தார்கள்.

அந்த அக்கா மேல் எனக்குக் கோபமில்லை. அவர் பிள்ளைக்கு நல்லது நினைத்துதான் எறிந்தார். வாயில் எத்தனை பல் என்று பரீட்சையில் கேட்கிறார்களே, அது தெறித்து விழுந்தால் என்ன செய்வதென்று ஏன் ஒருவருக்கும் சொல்லித்தரவில்லை? முதலுதவிப் பெட்டி சுவரில் தொங்கினால் போதுமா?

நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள். விழுந்த நிலைப்பல்லின் வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். மேல்பகுதியைப் பிடித்து, அழுக்கிருந்தால் நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி, முடிந்தால் அதே குழியில் வைத்துத் துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலில் போடுங்கள். எப்படியானாலும் உடனே பல் டாக்டரிடம் ஓடுங்கள். பால்பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது.

தாரணியின் பல்லைக் குழியில் வைத்து ஸ்பிளிண்ட் போட்டார்கள் (பக்கத்துப் பற்களோடு கம்பியால் கட்டுவது). பிறகு வேர் சிகிச்சை (உள்நரம்பை எடுத்து அடைப்பது). பல் நின்றது. பிழைத்துவிட்டது என்றே நம்பினேன்.

அடுத்த வருடம் டாக்டரம்மா ஒரு கம்பியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். அது மட்டும் உலோகம்போல ஒலித்தது. சவ்வு செத்ததால் எலும்பு அதைக் கவ்விப் பிடித்துவிட்டதாம். தாடை வளரும், அந்தப் பல் கூடவே இறங்காது. சில வருடங்களில் எடுக்க வேண்டியிருக்கும்.

"அப்போ இந்தப் பல்லுக்கு எப்பவும் ஒன்பது வயசுதானா?" என்று தாரணி கேட்டாள். டாக்டரம்மா சிரித்தார். என்னால் முடியவில்லை.

இப்போது அவளுக்குப் பதினொன்று. சிரித்தால் அந்தப் பல் சற்று மேலே நிற்பது தெரிகிறது. அவள் உடம்பில் அந்த ஓர் இடத்தில் மட்டும் அன்றைய இடைவேளை முடியவே இல்லை. அங்கே இப்போதும் பல் ஓட்டின்மேல் காய்கிறது; கூப்பிடு தூரத்தில் அண்டா நிறையப் பால் இருக்கிறது.