நாலாம் நம்பர் மெஷினில் கேட்ட குரல்

2003-ஆம் வருஷம், மழைக்காலம் முடிகிற சமயம். பெங்களூரு ஜீவனஹள்ளியில், ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெருவில், எங்கள் வீட்டு முன்னறையிலேயே ஒரு பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். ஆறு கம்ப்யூட்டர், நடுவில் பிளைவுட் தடுப்பு, வாசலில் செருப்பு விட ஒரு கோணிப்பை. அவ்வளவுதான் கடை. என் கணவருக்கு ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை என்பதால், கடையை முழுக்க நான்தான் பார்த்துக்கொண்டேன்.

வாணியம்பாடியில் பி.காம். முடித்து, கல்யாணமாகி இங்கே வந்தவள் நான். மூன்று மாத கோர்ஸ் ஒன்று படித்ததுதான் என் கம்ப்யூட்டர் ஞானம். ஆனால் எங்கள் தெருவில் அதுவே பெரிய படிப்பு. அப்போது அங்கே யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. துபாய் மகனுக்கு மெயில் எழுத வரும் அம்மாக்கள், பரீட்சை ரிசல்ட் பார்க்க வருகிறவர்கள், பயோடேட்டா அனுப்ப வருகிறவர்கள் என்று கூட்டம் இருந்துகொண்டே இருக்கும். அவர்களில் பாதிப் பேருக்கு முதல் மெயில் ஐடி திறந்து கொடுத்தது நான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கடையைச் சுத்தமாக வைத்திருக்கிறேன் என்ற கர்வம் வேறு. வாரம் தவறாமல் ஆன்டி வைரஸ் ஓட்டுவேன். ‘வெளி சி.டி., ஃப்ளாப்பி கொண்டுவரக் கூடாது’ என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தேன்.

அந்த நாட்களில் என்னிடம் தவறாமல் வருகிறவர்களில் ஒரு டீச்சர் உண்டு. காக்ஸ் டவுன் பக்கம் ஒரு கான்வென்ட் பள்ளியில் வேலை. சாயங்காலம் வந்து அரை மணி நேரம் மெயில் பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள் முகமெல்லாம் வெளிறிப்போய் வந்தார். அவருடைய மெயிலிலிருந்து, அவருக்குத் தெரிந்த எல்லோருக்கும் அசிங்கமான கடிதங்கள் போயிருக்கின்றன. சக டீச்சர்கள், மாணவிகளின் பெற்றோர்கள், கடைசியில் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டருக்கே. விசாரணை முடியும்வரை பள்ளிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

“மேடம், உங்க கம்ப்யூட்டர்ல ஏதாவது கோளாறு இருக்குமா?” என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? கடையில் நாலைந்து பேர் இருக்கும்போதே, “என் மெஷின் எல்லாம் கிளீன் டீச்சர். பாஸ்வேர்டை நீங்க யாருக்காவது சொல்லியிருப்பீங்க” என்றேன். ஒருத்தர் திரும்பி அவரை ஒரு மாதிரி பார்த்தார். டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம், மடக்குக் கோலைத் தட்டிக்கொண்டு ஒரு பெண் படியேறி வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். இரண்டு கண்ணும் தெரியாது. தர்மபுரிக்காரி, கன்டோன்மென்ட்டில் ஓர் ஆபீசில் டெலிபோன் ஆபரேட்டர் என்று சொன்னாள். வேறு வேலைக்கு முயற்சி செய்ய மெயில் அனுப்ப வேண்டும். பையிலிருந்து ஒரு சி.டி.யை எடுத்தாள்.

“அக்கா, இத மட்டும் மெஷின்ல போட்டுக்கறேன். ஸ்க்ரீன்ல இருக்கறத எனக்குப் படிச்சுக் காட்டும்.”

நான் போர்டைக் காட்டினேன். காட்டிய பிறகுதான் என் மடத்தனம் எனக்கே உறைத்தது. “வெளி சி.டி. போடக் கூடாதும்மா, வைரஸ் வந்துடும்” என்று வாயால் சொன்னேன்.

“சரிதான் அக்கா, உங்க கவலை நியாயம்தான். முதல்ல உங்க ஆன்டி வைரஸ்ல செக் பண்ணுங்க. அப்புறம் போடுங்க. நான் உக்காந்திருக்கேன்.” கோலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு நிஜமாகவே உட்கார்ந்துவிட்டாள். என்னால் மறுக்க முடியவில்லை. சி.டி.யைச் சோதித்துப் பார்த்துவிட்டு நாலாம் நம்பர் மெஷினில் போட்டுக் கொடுத்தேன்.

அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கையால் தடவிப் பார்த்து மானிட்டரை அணைத்துவிட்டாள். நான் பதறி, “அது ஸ்க்ரீன் சுவிட்ச்சும்மா” என்றேன். “தெரியும் அக்கா. எனக்கு எதுக்கு அது? பின்னாடி நிக்கறவங்க என் லெட்டரப் படிக்கறதுக்கா?” என்று சிரித்தாள். அப்புறம் தட்ட ஆரம்பித்தாள் பாருங்கள், என் கோர்ஸ் மாஸ்டர்கூட அந்த வேகத்தில் டைப் செய்து நான் பார்த்ததில்லை. இருண்ட திரைக்கு முன்னால் ஒருத்தி மடமடவென்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்து மெஷின்காரர் தன் வேலையை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வைத்திருந்தது அந்த சாஃப்ட்வேரின் இலவச மாதிரி. நாற்பது நிமிஷம் பேசிவிட்டு வாயை மூடிக்கொள்ளுமாம். மெஷினை அணைத்து மறுபடி போட்டால் இன்னொரு நாற்பது நிமிஷம். அப்படி இரண்டாவது தடவையும் அணைத்துப் போட்டதும் என்னைக் கூப்பிட்டாள்.

“அக்கா, மெஷின் ஆன் ஆகும்போது ஒரு புரோகிராம் எழுந்து உடனே ஒளிஞ்சுக்குதே, அது நீங்க போட்டதா?”

மானிட்டரைப் போட்டுப் பார்த்தேன். வழக்கமான படங்கள்தான் இருந்தன. “ஒண்ணும் இல்லையேம்மா” என்றேன்.

“இருக்கு அக்கா. ரெண்டு தடவையும் அதே பேர் காதுல விழுந்துது.”

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரை மாட்டச் சொன்னாள். குரலின் வேகத்தைக் குறைத்தாள். கடலை வறுக்கிற மாதிரி பொரிந்துகொண்டிருந்த அந்த இங்கிலீஷ் குரல் மனுஷக் குரலாக மாறியது. மெஷினை அணைத்துப் போட்டோம். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கட்டம் கண் சிமிட்டுவதுபோல் வந்து மறைந்தது. அதே நொடியில் குரல் அதன் பெயரைச் சொன்னது. கீபோர்டில் தட்டுவதையெல்லாம் குறித்து வைக்கிற புரோகிராம் என்று பெயரிலேயே தெரிந்தது. இதெல்லாம் வைரஸ் கணக்கில் வராதாம், அதனால்தான் என் ஆன்டி வைரஸ் பிடிக்கவில்லை என்றாள்.

அந்தச் சிமிட்டலை நான் பல மாதங்களாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மானிட்டர் பழசாகிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

அவளுடைய விரல்கள் மறுபடி ஓடின. இன்றைக்கு மாறிய ஃபைல்கள் எவை என்று தேடினாள். யாரும் எட்டிப் பார்க்காத ஒரு ஃபோல்டருக்குள் கிடந்த ஒன்றைத் திறந்து, அதன் கடைசிப் பகுதிக்குத் தாவினாள். குரல் படிக்கத் தொடங்கியது. முதலில் தேதி, நேரம். பிறகு அவளுடைய மெயில் ஐடி. பிறகு ஒவ்வொரு எழுத்தாக அவளுடைய பாஸ்வேர்ட். பிறகு, சற்று முன் அவள் எழுதிய வேலை விண்ணப்பத்தின் முதல் வரி.

அவள் சட்டென்று ஒரு கீயைத் தட்டிக் குரலை நிறுத்தினாள். “போச்சு, என் பாஸ்வேர்ட் தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு” என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

நான் குனிந்து திரையைப் பார்த்தேன். அவளுடையதற்கு மேலே பக்கம் பக்கமாக எழுத்துகள். ‘amma operation mudinjadhu’ என்று ஒரு வரி கண்ணில் பட்டது. யாரோ யாருக்கோ எழுதியது. என்னை அறியாமல் கண் அடுத்த வரிக்குப் போயிற்று. அந்த நேரம் பார்த்து அவள் கையை நீட்டி, தடவி, மானிட்டரை அணைத்தாள்.

“அக்கா, மேல இருக்கறது மத்தவங்க லெட்டர். நான் கேக்க மாட்டேன். நீங்களும் படிக்காதீங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக் கதவு திறந்து கிடந்தால் சாத்திவிட்டு வருகிறவள் மாதிரி சொன்னாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

இருந்தவர்களை அனுப்பிவிட்டு மற்ற மெஷின்களையும் பார்த்தோம். ஆறில் மூன்றில் அது இருந்தது. என் முதல் எண்ணம், எல்லாவற்றையும் உடனே அழித்துவிட வேண்டும் என்பதுதான். அப்போதுதான் டீச்சர் ஞாபகம் வந்தது. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் டீச்சரிடம் பேசிய பேச்சு உட்பட.

“அழிச்சா உங்களுக்கு நிம்மதி. அந்த டீச்சருக்கு?” என்றாள்.

“வெளியில தெரிஞ்சா கடைக்கு யாரும்மா வருவாங்க?”

“நான் வருவேன் அக்கா. இன்னிக்கு வரைக்கும் நாலு சென்டர் ஏறி இறங்கியிருக்கேன். சி.டி.ய உள்ள விட்டது நீங்க ஒருத்தர்தான்.”

கடைக்கு வருகிறவர்கள் பெயர் எழுதும் ரிஜிஸ்டரில் டீச்சரின் விலாசம் இருந்தது. அன்று சாயங்காலமே போனேன். வாசலில் நின்றபடியே, “தப்பு என் கடைல டீச்சர், உங்க மேல இல்ல” என்றேன். அவர் என்னை உள்ளே வரச் சொல்லவில்லை. மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்து நேராகக் கடைக்கு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் தர்மபுரிப் பெண்ணும் வந்திருந்தாள். முழுவதையும் படிக்காமல், தன் மெயில் ஐடியை மட்டும் எப்படித் தேடுவது என்று டீச்சருக்குச் சொல்லிக் கொடுத்தாள். நானும் அவளும் வாசலுக்கு வந்து நின்றுகொண்டோம். உள்ளே கீபோர்ட் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. எட்டிப் பார்த்தேன். டீச்சர் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “கொஞ்சம் தண்ணி குடுங்க” என்றார். அந்த அசிங்கக் கடிதங்கள் போவதற்கு மூன்று நாள் முன்பு அவர் தட்டிய பாஸ்வேர்ட், தேதியோடும் நேரத்தோடும் அங்கே இருந்தது.

திங்கட்கிழமை மூன்று பேரும் பள்ளிக்குப் போனோம். சிஸ்டர் எதிரே உட்கார்ந்து நான்தான் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தப்பு உங்க இடத்துலன்னு நீங்களே வந்து சொல்றீங்களா?” என்றார் சிஸ்டர். “ஆமாம் சிஸ்டர். பழியும் நான்தான் போட்டேன்” என்றேன். அந்த வாரமே டீச்சர் வகுப்புக்குத் திரும்பினார்.

போலீசில் புகார் கொடுத்தோம். ஒரு மெஷினைக் கொண்டுபோய் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். அந்தத் திருட்டு புரோகிராமைப் போட்டவர் யார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடை வாசலில் தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் எழுதி வைத்தேன்: ‘எங்கள் கம்ப்யூட்டர்களில் திருட்டு புரோகிராம் இருந்தது. தயவுசெய்து உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.’ என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். சிலர் கன்னாபின்னாவென்று கத்தினார்கள், சிலர் பிறகு வரவே இல்லை. துபாய் மகனுக்கு எழுதும் ஒரு அம்மா மட்டும் கத்தவில்லை. “அப்போ நான் புள்ளைக்கு எழுதினதெல்லாம் எவனோ படிச்சானா கண்ணு?” என்று மெதுவாகக் கேட்டார். அவர் கையைப் பிடித்து உட்கார வைத்து, அவர் பாஸ்வேர்டை மாற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்கு முன் நான் அப்படித் திருப்பிக்கொண்டதே கிடையாது.

எல்லா மெஷின்களையும் துடைத்துப் புதிதாகப் போட்டோம். வருகிறவர்கள் எந்த புரோகிராமையும் ஏற்ற முடியாதபடி பூட்டுவது எப்படி என்று அந்தப் பெண் படிப்படியாகச் சொன்னாள், நான் செய்தேன். அவளுடைய பேசும் சாஃப்ட்வேரை மட்டும் நாலாம் நம்பரில் நானே போட்டு வைத்தேன். அடுத்த மாதம் அவள் தன் ஹாஸ்டல் தோழிகள் மூன்று பேரை அழைத்து வந்தாள். சனிக்கிழமை மத்தியானங்களில் என் கடையில் கோல்கள் வரிசையாகச் சுவரில் சாய்ந்திருக்கும். போனவர்களுக்குப் பதிலாகப் புதியவர்களும் மெல்ல வர ஆரம்பித்தார்கள்.

ஒரு வருஷத்துக்குள் அவளுக்கு எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் வேலை கிடைத்தது. சந்தாபுராவில் அறை எடுத்துப் போய்விட்டாள். பிறகு எப்போதாவது போனில் பேசுவாள். இன்று என் கடையும் இல்லை, அந்த மெஷின்களும் இல்லை.

எத்தனையோ மாதக் கடிதங்கள், எத்தனையோ குடும்பங்களின் அந்தரங்கம், அன்று ஒரு கீயைத் தட்டியிருந்தால் அவள் காதுக்குள் வந்து விழுந்திருக்கும், ஹெட்ஃபோனில் கேட்டிருந்தால் நான்கூட அறிந்திருக்க மாட்டேன். கேட்க மாட்டேன் என்று சொல்லி அவள் மானிட்டரை அணைத்தாளே, அந்த ஒரு நொடியை நினைத்தால் இத்தனை வருஷம் கழித்தும் என் கை தானாகக் கூப்பிக்கொள்கிறது.