இரண்டு தலைக்கட்டு

எங்கள் வீட்டின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே, சிமெண்டுத் தரையில் ஒரு துருக்கறை இருக்கிறது. பிறைபோல வளைந்து, ஒரு முனையில் மட்டும் திட்டாகத் தடித்திருக்கும். மரக்காணத்தில் துருவை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உப்பளத்துக் காற்றில் ஜன்னல் கம்பியும் வாளியின் கைப்பிடியும் கதவுக் கீலும் அதுபாட்டுக்கு உதிர்ந்துகொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் வாசலிலிருந்து கொல்லைவரை தேய்த்துக் கழுவுகிற நான், அந்த ஒரு முழ இடத்தில் மட்டும் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு தாண்டிவிடுகிறேன். அங்கே ஒரு சைக்கிள் வெகுநாள் பூட்டியபடியே நின்றிருந்தது.

அது என் மகனுடைய நண்பனின் சைக்கிள். இருவரும் புதுச்சேரியில் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. அவன் அனுமந்தைக் குப்பத்துப் பையன். அப்பா கடலுக்குப் போகிறவர். சனிக்கிழமைகளில் எங்கள் ஊருக்கு சைக்கிள் மிதித்து வருவான். வந்ததும் அடுப்படியில் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா கொழம்பு?" என்பான். கருவாட்டுக் குழம்பு என்றால் முகத்தைச் சுளிப்பான். "எங்க ஊட்ல அதத் தின்னு அலுத்துப்போய்த்தான் இவ்ளோ தூரம் மிதிச்சி வர்றேன். இங்கயும் அதேவா?" சொல்லிவிட்டு இரண்டு முறை போட்டுச் சாப்பிடுவான். பிறகு இருவரும் கம்ப்யூட்டர் விளையாட்டுக்காகத் தெருமுனை பிரவுசிங் சென்டருக்குப் போய்விடுவார்கள்.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் சனிக்கிழமையில் வந்தது. அன்று அவன் சைக்கிளின் பின்சக்கரம் பஞ்சர். பஞ்சர் கடைக்காரர் கிறிஸ்தவர், கடை திறக்கவில்லை. சைக்கிளைக் கொல்லையில் பூட்டி நிறுத்தினான். சாவியைச் சட்டைப் பையில் போடாமல், சட்டையைத் தூக்கி அரைஞாண் கயிற்றில் முடிந்தான். நான் சிரித்தேன். "பாக்கெட்ல இருந்தா கடல்ல உழுந்துரும்மா. இதான் எங்க பீரோ" என்றான். "நாளைக்கு வந்து எடுத்துக்கறேம்மா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான்.

மறுநாள் காலையில் கடல் ஊருக்குள் வந்தது.

அவனை அன்றே கண்டெடுத்தார்கள். மற்றவர்களோடு சேர்த்து அவசரமாகப் புதைத்தார்கள். அரைஞாண் கயிற்றை அவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? சாவி எங்கே இருக்கிறது என்பது என் மகனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவன் வீட்டில் சைக்கிளையும் கடல் கொண்டுபோய்விட்டதாக நினைத்திருந்தார்கள். நான் சொல்லியனுப்பலாம் என்றபோது என் மகன், "சொன்னா வந்து பூட்ட ஒடைப்பாங்கம்மா" என்றான். அவன் குரலைக் கேட்டபின் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

ஜனவரியில் கல்லூரி திறந்தது. மகன் போனான், வந்தான், சாப்பிட்டான். சனிக்கிழமை மதியம் மட்டும் சென்டருக்குப் போனான். பேச்சு குறைந்துகொண்டே வந்தது. மனம் கலங்கியவர்களைக் கூட்டிப்போகும் கீழ்புத்துப்பட்டுக் கோயிலுக்கு அழைத்துப் போய்க் கயிறு கட்டிக்கொண்டு வந்தோம். ஒரு சனிக்கிழமை, நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் அரை நாள் முடிந்ததும் நான் சொல்லாமல் சென்டருக்குப் போய் அவன் பின்னால் நின்றேன். திரையில் ஒரு கடற்கரை, ஒரு குடிசை. ஓரத்தில் பச்சைப் புள்ளியோடு, செத்துப்போன அந்தப் பையனின் பெயர் எரிந்துகொண்டிருந்தது. நான் அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"யாருடா அது?"

"நான்தாம்மா. அவன் பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும்."

"அவன் பேர்ல நீ ஏன்டா போற?"

"போவலன்னா புல்லு மொளச்சிரும்மா."

அன்றுதான் அந்த விளையாட்டைப் பற்றி முழுதாகச் சொன்னான். கடல் நடுவில் ஒரு தீவு. உலகத்தில் எங்கெங்கோ இருந்து ஆடுகிற ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு துண்டு நிலம். வீடு கட்டலாம், மரம் நடலாம், பக்கத்து நிலத்துக்காரரோடு பேசலாம். சுடுவதும் வெட்டுவதும் கிடையாது. சில வாரங்கள் போகாமல் விட்டால் நிலத்தில் புதர் மண்டும்; பிறகு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். எல்லோரும் மாடி வீடும் கோபுரமுமாகக் கட்டியிருக்க, அந்த அனுமந்தைப் பையன் கரையோரத்தில் ஒரு குடிசை போட்டிருந்தான். அந்த விளையாட்டில் கட்டுமரம் இல்லையாம். அதனால் மூன்று மரத்துண்டுகளை ஒட்டிப் போட்டுத் தானே ஒன்றைச் செய்துவைத்திருந்தான். என் மகன் தன் நிலத்தை விட்டுவிட்டு நண்பனின் நிலத்தில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

சில மாதங்களில் அதுவும் போனது. அந்த விளையாட்டைச் செய்தவர்கள் சிறிய குழுவாம். வெளிநாட்டுப் பெரிய கம்பெனி ஒன்று அவர்களை வாங்கியிருந்தது. ஆட்கள் குறைந்துவிட்டார்கள், லாபம் இல்லை என்று கம்பெனி தீவை மூடிவிட்டது. விட்டது சனியன் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் ஆடியவர்கள் விடவில்லை. அவர்களுக்கென்று இன்டர்நெட்டில் ஒரு பொது இடம் இருந்தது. அங்கே கூடி, ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுக் கம்பெனியிடம் கொடுத்துத் தீவைத் திரும்பத் திறக்கச் சொல்லலாமா என்று விவாதிக்க ஆரம்பித்தார்கள். மகன் சனிக்கிழமைகளில் அதைப் படிக்கப் போனான். அவனைத் தனியாக விடப் பயந்து நானும் போய்ப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"அம்மாவுக்கும் ஒரு சிஸ்டம் போடட்டா? அரை மணி ஃப்ரீ" என்பார் சென்டர்காரர்.

மகன் எனக்கு வாசித்துச் சொல்வான். "இவன் பிரேசில்மா. ‘கம்பெனிக்கிட்ட இல்லாத காசா, நாம ஏன் குடுக்கணும்’ங்கறான்."

"சரியாத்தானே கேக்கறான்? யானைப் பசிக்குச் சோளப்பொரி."

"இவன் கனடா. ‘காசு நம்மளுது, கடைசில கடை யாருது’ன்னு கேக்கறான். அதுக்கு இவன், ‘கடை யாருதா இருந்தா இன்னா, தெறந்தா போதும்’ங்கறான். அதுக்கு அவன் கெட்ட வார்த்தைல திட்றான், அது வேணாம் உனக்கு."

"நம்ம தெரு தீமிதிக் கூட்டம் மாதிரியே இருக்குதேடா."

அவன் சிரித்தான். டிசம்பருக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் பார்த்தேன். சென்டர்காரர் திரும்பி, "தீமிதிக் கூட்டத்துல மைக்கப் புடுங்கி முடிச்சிடலாம்மா. இதுல புடுங்க மைக்கே இல்ல, எப்ப முடியறது?" என்றார்.

அவர்கள் வழக்கில் எனக்கும் ஒரு பக்கம் பிடித்துப்போனது. கம்பெனியை நம்பக்கூடாது என்கிற கட்சி என் கட்சி. ஆனால் மகனுக்கு அந்தச் சண்டை எதிலும் ஒட்டுதல் இல்லை. அவன் தேடியது ஒரே ஒரு பதிலைத்தான்: தீவு திரும்ப வந்தால் பழைய நிலங்கள் அப்படியே வருமா? யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு நாள் வீட்டுக்கு நடந்து வரும்போது, சமாதானமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். "மழைக்காலத்துல அப்பாவோட உப்புப் பாத்தியெல்லாம் வெள்ளத்துல போவுது. தை பொறந்தா சேத்துல எறங்கி மிதிச்சி மிதிச்சிப் புதுசாப் போடறோம். போனதப் பத்தி யாராவது அழறமா?" என்றேன்.

செருப்பு நுனியால் ஒரு கல்லைத் தள்ளிக்கொண்டே வந்தான். பிறகு, "உப்புக்குப் பேரு இல்லம்மா" என்றான்.

கடைசியில் அங்கே ஒரு திட்டம் உருவானது. ஆளுக்கு ஒரு பங்கு, ஒரு பங்குக்கு ஒரு ஓட்டு. பழைய தீவையே கேட்பதா, புதுத் தீவு தந்தாலும் சரி என்று சொல்வதா என்று ஓட்டுப் போட்டு முடிவு செய்வது. கம்பெனிக்கும் கேட்டு எழுதியிருந்தார்கள். மகன் தன் பேரில் ஒரு பங்கும் நண்பன் பேரில் ஒரு பங்கும் எழுதினான்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் தெருவில் அம்மன் கோயிலுக்குத் தலைக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடும்போது, அந்த ஆண்டுக்குள் இறந்துபோனவர் தலையையும் சேர்த்தே எண்ணுவார்கள். திருவிழா முடிகிறவரை அவர் பேர் கழியாது. வீட்டார் அவருக்காகவும் கொடுப்பார்கள். இல்லையென்றால் அவரை விலக்கிவைத்துவிட்டுச் சாமி கும்பிட்டதாக ஆகிவிடும். அப்பாவோடு வரி தண்டப் போய் வளர்ந்த என் மகனுக்கு அது மிக இயல்பாகத் தோன்றியது. ஒளிக்கவும் இல்லை. என் நண்பன் கடலில் இறந்துவிட்டான், எங்கள் ஊர் வழக்கம் இது, அவன் தலைக்கும் சேர்த்துக் கொடுக்கிறேன் என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதினான். எனக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அலுவலகம் முடிந்து நான் சென்டருக்குப் போனபோது அவன் நாற்காலி காலியாக இருந்தது.

"ஒண்ணும் சொல்லலம்மா. எழுந்தான், போய்ட்டான். எப்பவும் ஆஃப் பண்ணிட்டுத்தான் போவான், இன்னைக்கு அப்டியே வுட்டுட்டான்" என்றார் சென்டர்காரர்.

திரை எரிந்துகொண்டிருந்தது. அலுவலகத்தில் பழகிய ஆங்கிலத்தில் நின்றபடியே படித்தேன். இரண்டாவது ஓட்டுக்காக ஒரு சாவை இட்டுக்கட்டியிருக்கிறான் என்று ஒருவர் எழுதியிருந்தார். சுனாமியை வைத்து எல்லோரும்தான் பிழைக்கிறார்கள் என்று இன்னொருவர். இறந்ததற்குச் சான்று காட்டு என்று ஒருவர், மரியாதையாகவே, கேட்டிருந்தார். அதற்குக் கீழே, எல்லாவற்றையும் ஒருங்கிணைத்தவர் கம்பெனியின் பதிலைப் போட்டிருந்தார். மறுபடி திறப்பது பற்றி யோசிக்கலாம். ஆனால் பழைய தீவு இல்லை, மூடியபோதே அழித்துவிட்டோம் என்று இருந்தது. இத்தனை மாதமாக இவன் எதற்காகக் காத்திருந்தானோ, அந்தக் குடிசை முதல் நாளே போய்விட்டிருந்தது. அதன் கீழே பலர் பரவாயில்லை, புதிது வந்தால் போதும் என்று எழுதி மகிழ்ந்திருந்தார்கள்.

வீட்டில் அவன் இல்லை. அவனுடைய சொந்தச் சைக்கிள் வாசலில் இருந்தது. என் கணவர் உப்பளத்து வரப்புகளில் தேடப் போனார். நான் அனுமந்தைக்குப் பஸ் ஏறினேன். சவுக்குத் தோப்புகளுக்கு இடையில் கடல் தெரிந்து மறைந்து தெரிந்தது. அது தெரியும் ஒவ்வொரு முறையும் நான் என்ன நினைத்தேன் என்பதை இன்றும் எழுத முடியவில்லை. அந்தப் பஸ் இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அனுமந்தைக் கரையில், நிவாரணத்தில் புதிதாகக் கொடுத்த ஃபைபர் படகின் நிழலில் நண்பனின் அப்பா உட்கார்ந்திருந்தார். எதிரில் என் மகன். மணலில் விரலால் எதையோ வரைந்துகொண்டிருந்தான். குடிசை, தென்னை, கரை, மூன்று மரம். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத அந்த மனிதர் குனிந்து கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடல்ல மீனு இருந்துச்சாப்பா?"

"இல்லப்பா. அதுல மீனெல்லாம் வெக்கல."

"மீனே இல்லாத கடல்ல இன்னாத்துக்குக் கட்டுமரம் போட்டான், லூசுப் பய." சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். என் மகன் அப்போதுதான் அழுதான். ஒரு வருடமாக அழாதவன், சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து அழுதான். நான் பக்கத்தில் போகவில்லை. படகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுது முடித்ததும் அவனாகவே சொன்னான்: "அவன் சைக்கிளு எங்க ஊட்டுலதான் இருக்குதுப்பா."

அடுத்த வாரம் அவர் மீன் வண்டியில் வந்தார். என் கணவர் சுத்தியலை எடுத்துவைத்திருந்தார். பூட்டு துருவேறி, ஒரே அடியில் விழுந்துவிடும் நிலையில் இருந்தது. நண்பனின் அப்பா சைக்கிள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். சாவி எங்கே என்று கேட்டார். என் மகன் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினான். அவருக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் பூட்டையே பிடித்துக்கொண்டிருந்தவர், "சுத்தி வாணாம்பா" என்றார். பின்பக்கம் போய் கேரியரைப் பிடித்துத் தூக்கினார். பூட்டிய சக்கரம் தரையை விட்டு எழுந்தது. முன்சக்கரத்தில் மட்டும் அதை உருட்டிக்கொண்டு, எங்கள் வீட்டைச் சுற்றி, தெருவைத் தாண்டி, வண்டி வரை போனார். மகன் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான்.

இவை நடந்து பல மாதங்கள் ஆகின்றன. அந்த இன்டர்நெட் கூட்டத்தில் விவாதம் இன்னும் முடியவில்லை. புதுத் தீவு வருமா என்று யாருக்கும் தெரியாது. கம்பெனி யோசித்துக்கொண்டே இருக்கிறது. மகன் எப்போதாவது போய்ப் படித்துவிட்டு வருகிறான். பேசுகிறான், குழம்பில் குறை சொல்கிறான். ஆனாலும் அவன் வரக் கொஞ்சம் தாமதமானால் நான் தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இந்த வீட்டில் யாரும் ‘நாளைக்கு’ என்று சொல்லிக்கொண்டு வாசல்படி இறங்க நான் விடுவதில்லை.

போன வெள்ளிக்கிழமை கொல்லையைக் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து நின்றான். "தீவுக்காரங்க பங்குப் பேர்ப் பட்டியல் போட்டிருக்காங்கம்மா. ரெண்டு தலைக்கட்டும் ஏத்துக்கிட்டாங்க. சான்று ஒண்ணும் கேக்கல."

"அவன் பேரு போட்டிருக்குதா?"

"போட்டிருக்குது. எம் பேருக்குப் பக்கத்துல."

அவன் என் கையிலிருந்து வாளியை வாங்கி, தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு தரையில் ஊற்றினான். தண்ணீர் பரவிக்கொண்டே போய் அந்தத் துருக்கறையைத் தொட்டது. துடைப்பத்தோடு நான் தயங்கி நின்றேன். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனான்.